ஏழாம் மைல் நிறுத்தம்

சிரம்பானிலிருந்து போர்டிக்சன் போகும் சடக்கில், மம்பாவைத் தாண்டி, ஏழாம் மைல் கல்லுக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. அதன் அடிமரத்தில் ஆள் நெஞ்சு உயரத்துக்குப் பட்டை தேய்ந்து, அரைஞாண் கட்டியது போல ஒரு வளையம் வழவழத்துக் கிடந்தது. புதிதாக வருகிறவன் மாடு கட்டிய தடம் என்று நினைப்பான். அது துணி கட்டிய தடம்.

மரத்தடியில் ஒரு செம்மண் பாதை பிரிந்து இரண்டு மைல் உள்ளே போகும். போய் முடிகிற இடத்தில் ரப்பர் தோட்டத்தின் கடைசி டிவிஷன். ஒரே லயம், இரண்டு வரிசை வீடுகள், இருபத்தாறு குடும்பம். லயத்தில் யாருக்காவது முடியவில்லை என்றால், பிள்ளை பெறப் போகிறவளை ஏற்ற வேண்டும் என்றால், ஒருவர் ஓடிவந்து அந்த மரத்தில் துணி கட்டிவிட்டுப் போவார். அடுத்து வருகிற பஸ் துணியைப் பார்த்துப் பாதையில் இறங்கி லயத்து வாசலுக்கே போகும். ஆளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மரத்தடியில் நிறுத்துவார்கள். கூட வந்தவர் இறங்கித் துணியை அவிழ்த்துக்கொண்டு ஏற வேண்டும். அவிழ்க்காமல் விட்டால் அடுத்த பஸ்காரன் வீணாக இரண்டு மைல் உள்ளே போய் ஏமாறுவான். லயத்துக்காரர்கள் கட்டுவதைவிட அவிழ்ப்பதைத்தான் பெரிய விஷயமாக நினைத்தார்கள். ஒருமுறை துணியை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன ஒருவனைத் திரும்பி வந்த பிறகு ஒரு மாதம் கேலி செய்தே கொன்றார்கள்.

அந்தச் சடக்கில் ஹாஜா மைதீனின் பஸ் ஒன்றை நல்லசாமி ஒன்பது வருடம் ஓட்டினான். பலகை உடம்பு, பக்கவாட்டில் தார்ப்பாய்த் திரை. மழை வந்தால் பயணிகளே திரையை இறக்கிவிட்டுக்கொள்ள வேண்டும். நாலு முதலாளிகளின் ஒன்பது பஸ்கள் அங்கே ஓடின. ஓடின என்பதைவிட ஒன்றையொன்று துரத்தின என்று சொல்லலாம். மம்பாவ் கடைத்தெருவில் கூட்டம் சேரும்வரை ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் வேறொரு பஸ்ஸின் புழுதி தெரிந்துவிட்டால், ஏறுவதற்குக் கால் தூக்கியவளைப் பாதியில் விட்டுவிட்டுப் பறப்பார்கள். அடைமழை நாளில் ஒரு பஸ்ஸும் வராது. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் மாலையில் எப்படித் திரும்புவது என்பது அவரவர் தலையெழுத்து.

நல்லசாமிக்கு இது பொறுக்கவில்லை. "ஆள் ஏறுனாலும் ஏறாட்டியும் பஸ் வரணும்ங்க. ஒரே டிக்கெட், ஒரே நேரம். அதுக்கு எல்லா பஸ்ஸும் ஒரே கையில இருக்கணும், அந்தக் கை நம்ம எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்" என்று சங்கக் கூட்டத்தில் பேசினான். ஐந்து வருடம் மனு எழுதினான். சைக்கிளில் லயம் லயமாகப் போய்க் கைநாட்டு வாங்கினான்.

அரசாங்கத்துக்கும் அதே எண்ணம் வந்தது, வேறு காரணத்துக்காக. அவசரகாலம் தொடங்கி நாலாவது வருடம். முந்திய ஆண்டு பத்தாம் மைலில் ஒரு பஸ்ஸை உள்பாதையில் மடக்கி, ஆட்களை இறக்கிவிட்டு, காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் கொளுத்தினார்கள். அரிசியும் பால் டின்னும் பஸ் இருக்கைகளுக்கு அடியில் காட்டுக்குப் போவதாகச் சந்தேகம் வேறு. எந்த பஸ் எங்கே எப்போது நிற்கும் என்று தெரியாமல் ஒரு சடக்கைக் காவல் காக்க முடியாது. தொழிலாளி கேட்டதும் அரசாங்கம் விரும்பியதும் ஒரே காகிதத்தில் வந்தன. ஐம்பத்திரண்டில் சிரம்பான் வட்டாரத்து பஸ்கள் எல்லாம் ஒரு வாரியத்தின் கீழ் போயின.

வண்டிகளை ஒப்படைத்த அன்று ஹாஜா மைதீன் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த தன் சாப்பாட்டுக் கடையில் நல்லசாமியை உட்காரவைத்துத் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தார். நானா என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள்.

"ஜெயிச்சுட்டே லா நல்லசாமி. என் மூணு பிள்ளையையும் கவர்மெண்டுக்குத் தத்து கொடுத்தாச்சு."

"கோவமா நானா?"

"என்னா கோவம். ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தியே என் கை தேஞ்சு போச்சு. இனி அந்தத் துரை ஊத்தட்டும். ஒண்ணு மட்டும் கேக்குறேன். ஏழாம் மைல்ல துணி தொங்குனா உன் வாரியம் உள்ள போகுமா?"

"போகாது நானா. சடக்கை விட்டு இறங்கக் கூடாதுன்னு சட்டம். ஆனா துணிக்கு அவசியமே இல்லையே. மணிக்கு ஒரு பஸ் வரும். வந்து நின்னா போதும்."

"முடியாதவன் ரெண்டு மைல் நடந்து வந்து நிப்பானா?"

"தோட்டத்து லோரி கேட்டு எழுதியிருக்கோம்."

"எழுது, எழுது. நீ எழுதுறதெல்லாம் வந்துடுது. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்று சிரித்தார் நானா. நல்லசாமியும் சிரித்தான்.

வாரியம் நல்லசாமிக்கு ஒரு வேலை கொடுத்தது. பஸ் இனி எங்கெங்கே நிற்கும், உள்ளே திரும்பாது, மரத்தில் துணி கட்டக் கூடாது என்று சடக்கோரத்துப் பதினொரு லயங்களிலும் படித்துச் சொல்லி, சொன்னதற்குக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவனைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. இரண்டு வாரம் தினமும் வேலை முடிந்ததும் ஊரடங்கு மணிக்குள் சைக்கிளை மிதித்தான். பத்து லயங்களில் படித்தான். பதினோராவது லயம் ஏழாம் மைல் உள்பாதையில் இருந்தது. அங்கேதான் அவன் தங்கை பஞ்சாலையை அர்ச்சுனனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. நம்ம பஞ்சாலை வீடுதானே, ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தான்.

சனிக்கிழமை வாரிய ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பைலைக் கட்டிக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை பஸ் ஓடணும். பதினோராவதுக்கும் போடுறீங்களா, இல்லே ஓட்டத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி எழுதவா?" என்று கேட்டார்.

ஐந்து வருடம் காத்திருந்தவன், ஒரு நாளில் சொல்லிவிடப் போகிற விஷயத்துக்காகத் தள்ளிவைப்பானா? கையெழுத்துப் போட்டான்.

ஞாயிறு விடியற்காலையில் கடைசி டிவிஷனை ஒட்டிய சதுப்பில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது என்று அந்த லயத்துக்கு முழுநாள் ஊரடங்கு போட்டார்கள். நல்லசாமி முள்கம்பி கேட் வரை போய்த் திரும்பினான். தடை செவ்வாய் மாலைதான் நீங்கியது. அதற்குள் புது பஸ் ஓடத் தொடங்கிவிட்டது. புதுக் காக்கிச் சட்டை, பித்தளைப் பட்டன், முன்கண்ணாடிக்கு மேலே கடிகாரம். நேரத்துக்குக் கிளம்பி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த முதல் ஓட்டத்தில் மம்பாவ் பெண்கள் அவனைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

புதன்கிழமை காலை ஒன்பதரை. போர்டிக்சன் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தான். முந்திய நாள் மழையில் சடக்கு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. டிக்கெட் இன்ஸ்பெக்டர் திருநாவுக்கரசு அவனுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து நேரம் குறித்துக்கொண்டு வந்தார். ஏழாம் மைல் வளைவு திரும்பியதும் மரத்தில் துணி தெரிந்தது. பச்சைச் சேலையின் மஞ்சள் கரை போட்ட தலைப்பு. போன தீபாவளிக்கு முந்திய தீபாவளியில் பஞ்சாலைக்கு அவன்தான் எடுத்துக் கொடுத்தான். கைக்கு அகப்பட்டதைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள்.

கால் தானாகவே பிரேக்குக்குப் போனது.

"என்னா டிரைவர்?"

"துணி கட்டியிருக்கு சார். உள்ள யாருக்கோ முடியலை போல."

"துணி கட்டக் கூடாதுன்னு நீங்கதானே எல்லா லயத்துக்கும் போய்ச் சொன்னீங்க?"

நல்லசாமியின் கால் பிரேக்கிலேயே இருந்தது.

"இன்னைக்கு உள்ள போனா நாளைக்கு ஒவ்வொரு மைல் கல்லுலயும் துணி தொங்கும். இந்தா முப்பது பேர் உக்காந்திருக்காங்க, நேரத்துக்குப் போயிடலாம்னு நம்பி ஏறுனவங்க. பழக்கம் உடையட்டும் டிரைவர்."

திருநாவுக்கரசு கெட்ட மனிதர் அல்ல. நல்லசாமி கூட்டங்களில் பேசிய பேச்சைத்தான் அவர் திருப்பிச் சொன்னார். பஸ் மரத்தைக் கடந்தது. கண்ணாடியில் பச்சைத் துணி சின்னதாகிப் பின்னால் போயிற்று.

மம்பாவில் இரண்டு நிமிட நிறுத்தம். அவன் இறங்கி ஓடி, சீனர் மளிகைக் கடைத் தொலைபேசியில் தோட்டத்து ஆபீஸைக் கூப்பிட்டு, கடைசி டிவிஷனுக்கு மருந்து கொடுக்கும் டிரெசரை அனுப்பும்படி கெஞ்சினான். பதினொரு மணிக்கு டிரெசர் சைக்கிளில் போய்ச் சேர்ந்தார் என்று அடுத்த ஓட்டத்தில் செய்தி கிடைத்தது. பஞ்சாலையின் இளைய மகள், நாலு வயதுச் செல்லம்மாவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்திருந்தது. ஊசி போட்டதும் காய்ச்சல் இறங்கிவிட்டது. நல்லசாமிக்கு மனம் லேசாயிற்று. பார்த்தாயா, முறைப்படியே நடந்துவிட்டது என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அன்று பகல் முழுக்க இரண்டு பக்கமும் போகையில் வருகையில் துணியைப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் நேரத்துக்குக் கடந்தான்.

மாலை வீட்டுக்கு வந்தபோது மனைவி மயிலம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சத்தம் கேட்டும் நிமிரவில்லை.

"அர்ச்சுனனைப் பட்டாளத்துக்காரங்க புடிச்சிட்டுப் போயிட்டாங்க."

"யாரு, நம்ம மாப்ளையையா? எதுக்கு?"

"ஏழாம் மைல்ல துணியை அவுத்துக்கிட்டு இருந்தாராம். லோரியில வந்தவங்க கண்ணுல பட்டுட்டாரு. காட்டுல இருக்கிறவங்களுக்குச் சிக்னல் வெச்சு எடுக்கிறான்னு கட்டி ஏத்திட்டாங்க. ஞாயித்துக்கிழமை சுட்ட இடம் அங்கிருந்து அரை மைல்தானே."

நல்லசாமி சட்டைப் பட்டனைப் பிடித்தபடியே நின்றான்.

"துணியை நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"யாரு துணின்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

மயிலம்மாள் அரிசித் தண்ணீரை வடித்துக் கொட்டினாள். மறுபடி தண்ணீர் ஊற்றினாள். ஏற்கெனவே மூன்று தடவை களைந்த அரிசி அது.

வெள்ளிக்கிழமை பாஸ் வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனான். கேட்டில் நின்ற காவல்காரன் சைக்கிள் பம்பைக்கூடக் கழற்றிப் பார்த்தான். லயத்துக் குழாயடியில் பஞ்சாலை பால் வாளிகளைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டுப்பால் நாற்றம் காற்றில் கனத்தது. அன்றைக்கு அவள் தன் பங்கு மரங்களின் பால்வெட்டோடு புருஷனுடைய வெட்டில் பாதியையும் முடித்திருந்தாள்; வெட்டு காலியாகிவிட்டால் வேலை மேய்க்கும் மண்டோர் வேறு ஆளைப் போட்டுவிடுவான். சோறு கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குப் போக அவசரகாலத் தடை இருந்ததால் விடிந்ததிலிருந்து வெறும் வயிறு. செல்லம்மா வாசலில் உட்கார்ந்து வறுத்த மரவள்ளித் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தெளிந்திருந்தாள்.

"வாண்ணே. உள்ள வா."

"இங்கேயே நிக்கிறேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்பா எப்பம்மா வருவாருன்னு இவ கேட்டுக்கிட்டே இருக்கா. அதுக்கு என்னா சொல்றதுன்னு சொல்லு, போதும். டிரெசர் வந்துட்டுப் போனாரு, சாயங்காலம் இவ எந்திரிச்சுக் கஞ்சி கேட்டா. இவ அப்பா பாலை எடை போட்டுட்டு வந்து பார்த்தாரு. அப்பத்தான் கேட்டாரு, துணியை யாரு அவுத்தான்னு. யாரும் போகலைன்னேன். 'ஏன் புள்ள, பஸ்ஸு உள்ள வந்து ஏமாந்துட்டுப் போகுமே'ன்னு செருப்பைக்கூட மாட்டாம ஓடுனாரு. நாளைக்குப் போய்க்கலாமேன்னு சொன்னேன் அண்ணே. கேக்கலை. உன் மேல அவருக்கு மரியாதை. மச்சான் பஸ்ஸா இருந்தா பாவம்னாரு."

நல்லசாமி குழாய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். பத்து லயத்தைப் பற்றியும், பதினோராவது கையெழுத்தைப் பற்றியும், புதன்கிழமை காலை பிரேக்கிலிருந்து காலை எடுத்ததைப் பற்றியும் சொன்னான். வரிசை தப்பாமல், அதிகாரியிடம் சொல்வதைப் போலச் சொன்னான். பஞ்சாலை வாளியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. வாளியின் உள்ளே ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து லயத்துக்கும் சைக்கிள்ல போனே."

"போனேன்."

"எங்கேயோ இருக்கிற மாரியம்மா வீட்டு வாசல்ல எல்லாம் நின்னு படிச்சே. உன் தங்கச்சி வீட்டுக்கு மட்டும் வழி தெரியலையா?"

"உன் வீடுங்கிறதாலதான் பஞ்சாலை..."

"அதான் அண்ணே நானும் கேக்குறேன்."

பிறகு அவள் வாளியைக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள்.

"கத்திரிக்காயும் கருவாடும் போட்டு வெச்சிருக்கேன். உக்காரு, சாப்பிட்டுட்டுப் போ."

"வேணாம் பஞ்சாலை."

"எனக்காக இல்லை. நீ சாப்பிடாமப் போனா இந்தப் புள்ள ஏன்னு கேக்கும். அவ கேக்குற ஒண்ணுக்கே எங்கிட்ட பதில் இல்லை."

அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். குழம்பில் உப்பு போட மறந்திருந்தாள். அவன் அதைச் சொல்லவில்லை.

ஐந்து வாரம் கழித்து சிரம்பானில் விசாரணை. நீண்ட மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த வெள்ளைக்காரத் துரைதான் கேட்டார். பக்கத்தில் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர். மேஜைமேல் ஒரு காகித உறையில் பச்சைத் துணி, நூலில் கட்டிய அட்டையோடு. முதலில் ஹாஜா மைதீன் போனார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஆண்டுக்கணக்காகத் தன் பஸ்கள் துணியைப் பார்த்து உள்ளே போனதை விவரமாகச் சொன்னார். எத்தனை பிரசவம், எத்தனை பாம்புக்கடி என்று விரல் விட்டுச் சொன்னார்.

"உம்முடைய பஸ் இப்போது ஓடுகின்றதோ என்று துரை கேட்கிறார்."

"இல்லீங்க. வாரியம் எடுத்துக்கிச்சு."

"அப்படியெனில் இப்போதைய வழக்கத்தைப் பற்றி நீர் சொல்வதற்கு ஒன்றும் இல்லை."

நானா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "என்னைப் பழைய கதைன்னுட்டாங்க லா" என்றார். சிரிக்க முயன்று விட்டுவிட்டார்.

பிறகு நல்லசாமி.

"துணி பஸ்ஸுக்காகக் கட்டியது என்கிறீர். பஸ் ஏன் நிற்கவில்லை?"

"நான் நிறுத்தலைங்க. சட்டம் மாறியிருந்துச்சு."

"சட்டம் மாறியது அந்த லயத்தாருக்குத் தெரியும் என்று நீரே கையெழுத்திட்டிருக்கிறீர். தெரிந்திருந்தால் பஸ்ஸுக்காக ஏன் கட்ட வேண்டும்?"

"அவங்களுக்குத் தெரியாதுங்க. நான் சொல்லவே இல்லை. பதினோராவது லயத்துக்கு நான் போகலை. அது பொய்க் கையெழுத்துங்க. என்னை வேலையை விட்டு எடுக்கட்டும், ஜெயில்ல போடட்டும். அந்த மனுஷன் மேல குத்தம் இல்லை."

மொழிபெயர்ப்பாளர் அதை மெதுவாகச் சொன்னார். துரை நல்லசாமியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"அன்று நீர் பொய் எழுதினீர். இன்று சொல்வது மெய் என்று எதை வைத்து நம்புவது? கைதி உம்முடைய தங்கையின் கணவர் அல்லவோ?"

"ஆமாங்க."

"இன்னுமொன்று. பதினொரு மணிக்கு டிரெசர் போய்விட்டார். நோயாளி தேறிவிட்டாள். பஸ் தேவையில்லை. ஆறு மணிநேரம் கழித்து, ஊரடங்குக்குச் சற்று முன்னர், ஒருவர் இரண்டு மைல் ஓடி அந்தத் துணியை அவிழ்க்க வேண்டிய காரணம் என்ன?"

"அடுத்த பஸ்காரன் ஏமாந்துடக் கூடாதுன்னுங்க."

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். துரை திரும்பவும் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வேறு விதமாகச் சொன்னார். துரை பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்த பஸ்ஸும் மதிக்காத ஒரு துணியை அவிழ்ப்பதற்காகவா என்று கேட்கிறார்."

"ஆமாங்க. அது எங்க பழக்கம்" என்றான் நல்லசாமி. தன் வாயாலேயே மேடையில் ஒழியவேண்டும் என்று பேசிய பழக்கம் அது.

அர்ச்சுனன் இரண்டு வயதில் தாயின் இடுப்பில் கப்பலேறி வந்தவன். இந்த மண்ணில் பிறந்ததற்குச் சீட்டு இல்லை. நாடு கடத்தும் உத்தரவு வந்தது. தடுப்புக் காவலில் பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அர்ச்சுனன் மெலிந்து, தலை மழித்து நின்றான். பால் கறை நகக்கண்ணில் இன்னும் போகவில்லை.

"மச்சான், நீ எல்லாத்தையும் ஒத்துக்கிட்டியாமே. எதுக்கு? உன் வேலையும் போச்சுன்னா பஞ்சாலைக்கு யாரு இருக்கா?"

"வேலை போகலை மாப்ளே. எச்சரிக்கைக் கடுதாசி கொடுத்தாங்க. அந்தச் சடக்குல ஓட்ட ஆள் கிடைக்கலையாம்."

"நல்லதாப் போச்சு." கொஞ்சம் யோசித்தான். "ஊருக்கு அனுப்புறாங்களாம். எந்த ஊருன்னு கேட்டேன். திருச்சிராப்பள்ளி ஜில்லான்னு எழுதியிருக்காம். எனக்குத் தெரிஞ்ச ஊரு மம்பாவ்தான் மச்சான். அங்க பால்மரம் இருக்குமா?"

"இருக்காதுன்னு நினைக்கிறேன்."

"அப்ப நான் என்னா வேலை செய்வேன்?"

நல்லசாமி இன்னும் கிட்டப் போனான். கம்பிவலையில் விரலை நுழைத்தான். அர்ச்சுனன் அந்த விரலைத் தொட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நீ தூரத்துலயே துணியைப் பார்த்திருப்பே. பஞ்சாலை சேலைன்னு தெரிஞ்சிருக்கும். இல்லே?"

"தெரிஞ்சுது."

"ம்." அர்ச்சுனன் தரையைப் பார்த்தான். "டிரெசரை அனுப்புனது நீதான்னு சொன்னாங்க. செல்லம்மா பொழைச்சுட்டா. அதை மட்டும் நான் நினைச்சுக்கிறேன். மத்ததை நீயும் பேசாதே, நானும் பேசலை."

காவல்காரன் மணியைத் தட்டினான்.

வழக்குத் தாள்கள் வாரியத்துக்கும் போயின. குழப்பம் நேராதிருக்க ஏழாம் மைலில் ஓர் அங்கீகரிக்கப்பட்ட நிறுத்தம் வேண்டும் என்று யாரோ ஓரத்தில் எழுத, ஐந்து வருட மனுக்களில் நல்லசாமி கேட்டுக் கிடைக்காதது மூன்று வாரத்தில் கிடைத்தது. ஒரு ஆள் ஏணியோடு வந்து மரத்தில் பலகை அடித்துவிட்டுப் போனான். எல்லா பஸ்ஸும் அங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கேட்டு எழுதிய தோட்டத்து லோரி மட்டும் வரவில்லை.

அந்த நிறுத்தத்தில் நல்லசாமியின் பஸ்ஸில் முதலில் ஏறியது பஞ்சாலையும் அவள் இரண்டு பிள்ளைகளும்தான். அர்ச்சுனனைக் காவலோடு நேராகத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அவனோடு ஊருக்குப் போகிற இவர்கள் அவனைக் கப்பலில்தான் பார்க்க முடியும். மயிலம்மாள் முந்திய நாளே போய்த் தங்கி, தகரப் பெட்டியின் ஒரு கைப்பிடியைத் தான் பிடித்துக்கொண்டு, இரண்டு மைல் கூடவே நடந்து வந்தாள். காலை ஏழு பத்துக்கு பஸ் வளைவில் திரும்பியபோது நால்வரும் பலகைக்குக் கீழே நேராக நின்றார்கள். பஞ்சாலை அந்தப் பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். தலைப்புப் போன இடத்தை மடித்துத் தைத்திருந்தாள். தோளில் போட நீளம் பற்றாமல் இடுப்பில் செருகியிருந்தாள்.

கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றினான். பஞ்சாலை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். செல்லம்மா கடிகாரத்தைக் காட்டி, "மாமா, அந்த முள்ளு ஏன் ஓடிக்கிட்டே இருக்கு?" என்று கேட்டாள்.

சிரம்பானுக்குள் நுழைந்ததும் நல்லசாமி திரும்பாமலே சொன்னான். "பஞ்சாலை, ஸ்டேஷன் ரெண்டு தெருதான். பெட்டியோட எப்படிப் போவே? நேரா வாசல்லயே விட்டுடுறேன்."

"வேணாம்ணே."

"என்னா பண்ணிடுவாங்க? எடுத்தா எடுக்கட்டும்."

"வேணாம். நிக்கிற இடத்துலயே நிறுத்து." அவள் குரல் உயரவில்லை. "அன்னைக்குத் திரும்பாததுக்கு இன்னைக்குத் திரும்பி என்னா ஆகப் போகுது? இவ்ளோ பேரு உக்காந்திருக்காங்க. நேரத்துக்குக் கொண்டுபோய் விடு."

பஸ் நிலையத்தில் ஹாஜா மைதீன் கடைக் கைவண்டியோடு காத்திருந்தார். பெட்டியைத் தானே இறக்கி வைத்தார். "வா தாயி, ரயிலுக்கு நேரம் இருக்கு. பிள்ளைங்களுக்கு ரொட்டி கட்டி வெச்சிருக்கேன்" என்றார். பஞ்சாலை படியில் இறங்கினாள். டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, பஸ்ஸின் தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மேலிருந்து அவன் கை எட்டாத இடம் அது.

"அண்ணியைத் திட்டாதே. நேரத்துக்குச் சாப்பிடு."

"கடுதாசி போடு பஞ்சாலை."

"யாரைப் புடிச்சு எழுதுறது? போய்ப் பாக்குறேன்."

நேரக்காப்பாளன் விசில் ஊதினான். திரும்பும் ஓட்டத்துக்கு ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் சீட்டை விட்டு இறங்கக் கூடாது. கைவண்டி தெருமுனையில் திரும்புவதைக் கண்ணாடியில் பார்த்தான். பச்சைச் சேலை சின்னதாகி மறைந்தது.

வழியனுப்பிவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிய மயிலம்மாள் மம்பாவில் இறங்கிக்கொண்டாள். ஏழாம் மைலில் பலகைக்கு நேராக நிறுத்தினான். இறங்க யாருமில்லை, ஏறவும் யாருமில்லை.

"ஆள் இல்லையே, போலாமாண்ணே?" என்றான் கண்டக்டர்.

"இரு. ஒரு நிமிஷம் நிக்கணும்."

பலகை தேய்ந்த பட்டைக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. கீழ் விளிம்பில் அந்த வழவழப்பு ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. செம்மண் பாதையில் காலையில் பதிந்த காலடிகள் இன்னும் ஈரமாக இருந்தன. இரண்டு பேருடையவை பெரியவை, இரண்டு பேருடையவை சிறியவை. எல்லாம் சடக்கைப் பார்த்தே வந்திருந்தன.

பின்னால் யாரோ இருமினார்கள். நிமிடம் முடிந்தது. நல்லசாமி கியரைப் போட்டான்.